ஒரே ஒருத்தன் போதும்

2024 ஜனவரி 26, டொராண்டோ. ராப்டர்ஸ் அணிக்கும் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணிக்கும் என்.பி.ஏ. ஆட்டம். ராப்டர்ஸ் பெஞ்சிலிருந்து ஜான்டே போர்ட்டர் என்று ஒரு ஆட்டக்காரர் எழுந்து உள்ளே வருகிறார். 4 நிமிஷம் 24 வினாடி ஆடுகிறார். சில நாட்களுக்கு முன் கண்ணில் பட்ட அடி மறுபடி தொந்தரவு செய்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுகிறார். 0 பாயிண்ட், 3 ரீபவுண்ட், 1 அசிஸ்ட். அரங்கத்தில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவர் வந்ததையும் கவனித்திருக்கமாட்டார்கள், போனதையும் கவனித்திருக்கமாட்டார்கள். பெஞ்ச் ஆள்தானே!

ஆனால் எங்கேயோ சில பேர் அன்றைக்கு அவரை மட்டும்தான் கவனித்துக்கொண்டிருந்தார்கள். டிராஃப்ட்கிங்ஸ் என்கிற பந்தயக் கம்பெனியில் அந்த இரவு என்.பி.ஏ. ஆட்டக்காரர்கள் பெயரில் நடந்த தனிநபர் பந்தயங்களிலேயே, கட்டியவர்களுக்கு அதிகப் பணம் வாங்கிக்கொடுத்தது எது தெரியுமா? லெப்ரான் ஜேம்ஸ் சம்பந்தப்பட்டது இல்லை, ஸ்டீஃபன் கரி சம்பந்தப்பட்டதும் இல்லை. ஜான்டே போர்ட்டர் ஒரு த்ரீ-பாயிண்டர்கூட போடமாட்டார் என்கிற பந்தயம்தான்.

பெயரே தெரியாத ஒரு பெஞ்ச் ஆட்டக்காரர் பந்து போடமாட்டார் என்று இத்தனை பேருக்கு எப்படி அவ்வளவு நம்பிக்கை வந்தது? இந்தக் கேள்வியில்தான் முழுக்கதையும் இருக்கிறது.

முதலில், இந்தப் பந்தயம் என்ன என்று தெரியாதவர்களுக்காக. சாதாரணமாக விளையாட்டுப் பந்தயம் என்றால் யார் ஜெயிப்பார்கள், எத்தனை பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயிப்பார்கள் என்பதுதான். 'ப்ராப்' என்று சொல்லப்படுவது வேறு. ஒரு தனி ஆட்டக்காரர் எத்தனை பாயிண்ட் எடுப்பார், எத்தனை ரீபவுண்ட் பிடிப்பார், எத்தனை அசிஸ்ட் கொடுப்பார் என்று கம்பெனி ஒரு கோடு போடும். அன்றைக்கு போர்ட்டருக்குப் போட்ட கோடு சுமாராக 5.5 பாயிண்ட், 4.5 ரீபவுண்ட், 1.5 அசிஸ்ட். கோட்டுக்கு மேலே போவார் என்று கட்டினால் 'ஓவர்'. கீழே நிற்பார் என்று கட்டினால் 'அண்டர்'. (அந்த அரை எதற்கு என்றால், கணக்கு சமமாக முடிந்து பணத்தைத் திருப்பிக் கொடுக்கிற நிலைமை வரக்கூடாது என்பதற்காக. கடைக்காரன் கடைக்காரன்தான்.)

டீம் ஜெயித்ததா தோற்றதா என்பது இங்கே யாருக்கும் முக்கியமில்லை. ஒரு மனுஷன், அவனுடைய எண்ணிக்கை, அவ்வளவுதான்.

பார்ப்பதற்கு சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறது இல்லையா? ஆனால் விளையாட்டை விலைக்கு வாங்க நினைத்தவர்களுக்கு கடந்த நூறு வருஷத்தில் கிடைக்காத ஒரு வசதியை இந்தச் சின்ன விளையாட்டு செய்துகொடுத்திருக்கிறது.

பழைய ஊழல்களைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். 1919-ல் அமெரிக்க பேஸ்பால் வேர்ல்ட் சீரீஸை விற்றதாக வாழ்நாள் தடை வாங்கிய சிகாகோ ஒயிட் சாக்ஸ் ஆட்டக்காரர்கள் 8 பேர். 1950-ல் அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தின் இரண்டு பெரிய கோப்பைகளையும் ஒரே வருஷத்தில் வாங்கிய நியூயார்க் சிட்டி காலேஜ் டீமில், அடுத்த வருஷமே பாயிண்ட் வித்தியாசத்தை விற்றதற்காக ஆட்டக்காரர்கள் கைதானார்கள். ஒருத்தர் இல்லை, பல பேர். 2007-ல் என்.பி.ஏ.விலேயே டிம் டோனகி என்கிற நடுவர், தான் விசில் ஊதிய ஆட்டங்களுக்கே பந்தயம் கட்டி மாட்டினார். அடுத்த வருஷம் 15 மாதம் சிறைத்தண்டனை. அவர் ஒருத்தர்தான், ஆனால் நடுவர். பத்து பேர் ஆட்டமும் அவர் வாயில் இருந்த விசிலில் இருந்தது.

அதாவது ஒரு ஆட்டத்தின் முடிவை விலைக்கு வாங்கவேண்டும் என்றால் ஒன்று, கூட்டம் சேர்க்கவேண்டும். இல்லை, நடுவரைப் பிடிக்கவேண்டும். கூட்டம் சேர்த்தால் ரகசியம் நிற்காது. நாலு பேருக்குப் பங்கு போகவேண்டும். அதில் ஒருத்தனுக்கு மனசாட்சி முழித்துக்கொள்ளும், ஒருத்தன் குடித்துவிட்டு உளறுவான். முடிவின் மேல் நடக்கிற பந்தயத்துக்கு இதுவே ஒரு பாதுகாப்பாக இருந்தது. எந்தச் சட்டமும் எழுதாத பாதுகாப்பு.

ப்ராப் பந்தயம் அதை ஒரே அடியில் காலி செய்துவிட்டது. கூட்டம் வேண்டாம், கேப்டன் வேண்டாம், நடுவர் வேண்டாம். ஒரே ஒருத்தன் போதும். அவனுக்கும் திறமை எல்லாம் தேவையில்லை. 30 பாயிண்ட் எடுக்கவேண்டும் என்று ஒருத்தன் முடிவு செய்தால் எடுத்துவிட முடியாது, எதிரில் ஐந்து பேர் நிற்கிறார்கள். பூஜ்யம் எடுக்கவேண்டும் என்று முடிவு செய்தால்? யாராலும் தடுக்க முடியாது. "வயிறு சரியில்லை சார்" என்றால் முடிந்தது. எந்த டாக்டர் அதைப் பொய் என்று நிரூபிப்பார்?

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. காசைவிட முக்கியமான விஷயம். பழைய மாதிரி ஆட்டத்தை விற்பவன் கூட ஆடுகிறவர்களைக் காட்டிக்கொடுக்கவேண்டும். ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே அறையில் உடை மாற்றி, பக்கத்தில் நின்று ஆடுகிறவனைத் தோற்கடிக்கவேண்டும். அதற்கு மனசு கல்லாக வேண்டும். ஆனால் பெஞ்சிலிருந்து வந்த ஆள் நாலு நிமிஷத்தில் வெளியே போனால் டீமுக்கு என்ன நஷ்டம்? இன்னொரு பெஞ்ச் ஆள் உள்ளே வருவான். டீம் ஜெயித்தாலும் ஜெயிக்கலாம். 'யாருக்கும் நான் துரோகம் செய்யவில்லையே' என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம். கடன் கழுத்தை நெரிக்கும்போது இப்படி ஒரு சமாதானம் கையில் கிடைத்தால் எத்தனை பேர் வேண்டாம் என்பார்கள்?

போர்ட்டருக்குக் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டுதான் இருந்தது. அவர் அந்த சீசனில் 'டூ-வே' ஒப்பந்தத்தில் இருந்தவர், அதாவது பாதி நேரம் பெரிய டீமிலும் பாதி நேரம் அதன் துணை டீமிலும் ஆடுகிற ஆள். சீசன் முழுக்க இருந்தால் டூ-வே சம்பளம் சுமார் 5.6 லட்சம் டாலர். அதே சீசனில் ஸ்டீஃபன் கரியின் சம்பளம் 5 கோடியே 19 லட்சம் டாலர். நம் பார்வைக்கு 5.6 லட்சம் டாலரும் பெரிய பணம்தான். ஆனால் சூதாட்டக் கடன் சம்பள சீட்டைப் பார்த்து வளர்வதில்லை. வழக்கில் வெளியானபடி, கடன் கொடுத்தவர்கள் அவருக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்கள்: ஆட்டத்திலிருந்து சீக்கிரம் வெளியே வந்துவிடு, நாங்கள் உன் அண்டரில் கட்டிக்கொள்கிறோம், கடன் கழியும்.

ஜனவரியில் அது வேலை செய்தது. மார்ச் 20-ல் சேக்ரமெண்டோ கிங்ஸுக்கு எதிராக மறுபடி அதே நாடகம். இந்தத் தடவை உடம்பு சரியில்லை என்று காரணம், ஆடியது 3 நிமிஷத்துக்கும் குறைவு. பாயிண்ட் கிடையாது, 2 ரீபவுண்ட். அவருடைய அண்டர்களை எல்லாம் ஒன்றாகக் கோர்த்து ஒருத்தர் 80,000 டாலர் கட்டியிருந்தார். கிடைக்கவேண்டியது 11 லட்சம் டாலர். அங்கேதான் கம்பெனி விழித்துக்கொண்டது. பணத்தை நிறுத்தி வைத்தது, விஷயம் லீக்குக்குப் போனது. 2024 ஏப்ரல் 17-ல் போர்ட்டருக்கு வாழ்நாள் தடை. ஜூலை 10-ல் புரூக்ளின் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

லீக்கின் விசாரணையில் இன்னொன்றும் வந்தது. அவரே இன்னொருவர் கணக்கு மூலமாக என்.பி.ஏ. ஆட்டங்களுக்கு 13 பந்தயம் கட்டியிருக்கிறார். போட்டது மொத்தம் 54,094 டாலர், வந்தது 76,059 டாலர். அவர் ஆடிய ஆட்டம் எதிலும் இல்லை. ஆனால் தன் டீம் தோற்கும் என்று சேர்த்துக் கட்டியவை 3 இருந்தன. (மூன்றும் ஊத்திக்கொண்டன.)

போர்ட்டர் தப்பு செய்தார், தண்டனை அனுபவிக்கட்டும். அவருக்கு வக்காலத்து வாங்க இங்கே யாரும் வரவில்லை. ஆனால் கடையைத் திறந்தது யார்? அந்த அண்டரை அலமாரியில் அடுக்கி வைத்தது யார்?

கொஞ்சம் பின்னால் போவோம். 2012-ல் நியூ ஜெர்சி மாநிலம் விளையாட்டுப் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கப் பார்த்தபோது, வேண்டாம் என்று வழக்குப் போட்டவர்களில் என்.பி.ஏ.வும் ஒருத்தர். விளையாட்டின் நேர்மை கெட்டுவிடும் என்பதுதான் வாதம். சரியான வாதம். இரண்டே வருஷம். 2014 நவம்பரில் புது கமிஷனர் ஆடம் சில்வர், பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கி ஒழுங்குபடுத்தவேண்டும் என்று நியூயார்க் டைம்ஸில் கட்டுரை எழுதுகிறார். 2018 ஜனவரியில் லீக்கின் ஆட்கள் நியூயார்க் சட்டமன்றக் குழு முன்னால் போய் நின்று, கட்டப்படுகிற ஒவ்வொரு நூறு டாலருக்கும் எங்களுக்கு ஒரு டாலர் வேண்டும் என்கிறார்கள். அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள் பாருங்கள்... 'நேர்மைக் கட்டணம்'! நேர்மை கெடும் என்று கோர்ட்டுக்குப் போனவர்கள், அதே நேர்மைக்கு நூற்றுக்கு ஒன்று என்று விலை சொன்னார்கள்.

அந்தக் கட்டணத்தைப் பெரும்பாலான மாநிலங்கள் கொடுக்கவில்லை. பரவாயில்லை, வேறு வழி கிடைத்தது. 2018 மே 14-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992-ம் வருஷத் தடைச்சட்டத்தை ரத்து செய்தது. ஜூலையிலேயே எம்.ஜி.எம். சூதாட்ட விடுதியோடு என்.பி.ஏ. ஒப்பந்தம்; அமெரிக்காவின் பெரிய லீக்குகளில் முதலில் போனது இதுதான். 2021 நவம்பரில் டிராஃப்ட்கிங்ஸும் ஃபேன்டூயலும் அதிகாரபூர்வ பங்குதாரர்கள். அதே மாதம் ஆட்டத்தின் புள்ளிவிவரங்களைப் பந்தயக் கம்பெனிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஸ்போர்ட்ரேடார் கம்பெனியோடு 8 வருஷ ஒப்பந்தம், கூடவே அந்தக் கம்பெனியில் பங்கும். ரீபவுண்ட், அசிஸ்ட் எண்ணிக்கை எல்லாம் இப்போது லீக்கின் சரக்கு. ஒவ்வொரு புது வகைப் பந்தயமும் அந்தச் சரக்குக்குப் புது வாடிக்கையாளர்.

பி.காம். படிக்கிற யாருக்கும் இது புரியும். வரவு லீக்கின் பேரேட்டில், பொறுப்பு மட்டும் ஆட்டக்காரனின் பேரேட்டில். லாபத்தில் பங்கு உண்டு, நஷ்டம் வந்தால் 'ஒரு கறுப்பு ஆடு, விலக்கிவிட்டோம்' என்று அறிக்கை.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கதை புதுசு இல்லை. 2010 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்டில் பாகிஸ்தானின் ஆமிரும் ஆசிஃபும் சொன்ன நேரத்துக்கு நோ-பால் போட்டார்கள். கேப்டன் சல்மான் பட் உள்பட மூன்று பேரும் 2011 நவம்பரில் லண்டனில் சிறைக்குப் போனார்கள். ஒரு நோ-பால் என்பது என்ன? ஒரு ரன். ஆட்டத்தின் முடிவை மாற்றாது. அதனால்தான் 18 வயசுப் பையனை அதற்கு இழுக்க முடிந்தது. உலகம் முழுக்க அதைக் கேட்டு அருவருத்தது. ஆனால் அந்த நோ-பாலுக்கு எந்த கிரிக்கெட் போர்டும் கமிஷன் வாங்கவில்லை. இங்கே அதே சரக்கு, மின்னும் விளக்கோடு, லீக்கின் முத்திரையோடு, டி.வி. இடைவேளையில் விற்கிறது.

சரி, இதைக் கட்டுகிறவர்களுக்காவது லாபமா? ஒரு சின்னக் கணக்கு. வழக்கமான ஓவர்-அண்டரில் 110 டாலர் கட்டினால் ஜெயிக்கும்போது 100 லாபம். ஓவரில் ஒருத்தர், அண்டரில் ஒருத்தர் கட்டினால் கம்பெனியிடம் 220 சேரும். ஜெயித்தவருக்கு 210 போகும். மீதி 10 கம்பெனிக்கு, அதாவது நூற்றுக்கு நாலரை. நூறில் 50 தடவை சரியாகச் சொன்னால் போதாது, 52.4 தடவை சரியாகச் சொன்னால்தான் கைக்காசு மிஞ்சும்.

ஆனால் கம்பெனியின் ஆசை இந்த நாலரையோடு நிற்பதில்லை. நாலு பந்தயத்தைக் கோர்த்து 'பார்லே' என்று விற்கிறார்கள். நாலும் சரியாக வந்தால்தான் பணம். ஒவ்வொன்றும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், நாலும் வருவது 16-ல் ஒரு தடவை. நியாயமாக 16 மடங்கு தரவேண்டும். மேலே சொன்ன விலையிலேயே கோர்த்தால் தருவது சுமார் 13.28 மடங்கு. நூறு கட்டினால் சராசரியாகத் திரும்புவது 83. ஆறைக் கோர்த்தால் 76 கூட முழுசாகத் தேறாது. கோர்க்கக் கோர்க்க கடைக்காரனுக்குக் கொண்டாட்டம். கோர்ப்பதற்கு நிறைய மணி வேண்டும் இல்லையா? அதற்குத்தான் ப்ராப். ஒரு ஆட்டத்துக்கு ஜெயிப்பது யார் என்ற கேள்வி ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஆனால் தனிநபர் கோடுகள் என்றால் நூற்றுக்கணக்கில் போடலாம். போர்ட்டர் மாதிரி யாருக்கும் தெரியாத ஆளுக்கும் கோடு போட்டதன் காரணம் அவருடைய ரசிகர்கள் கேட்டார்கள் என்பதா? அலமாரி காலியாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு நஷ்டம் பணத்தில் வராது. 2024 மார்ச்சில் இந்தியானா பேசர்ஸின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் வெளிப்படையாகவே சொன்னார்: பாதி உலகத்துக்குத் தான் ஒரு மனுஷன் இல்லை, பந்தயத்தில் காசு பண்ணிக்கொடுக்கிற ஒரு பொருள் என்று. அதே மாதம் கிளீவ்லாண்ட் கோச் பிக்கர்ஸ்டாஃப், சூதாடிகள் தன் ஃபோன் நம்பரைக் கண்டுபிடித்து, எங்கே வசிக்கிறாய், உன் பிள்ளைகள் யார் என்பதெல்லாம் தெரியும் என்று மிரட்டினார்கள் என்றார். டீம் தோற்றால் கோபம் டீம் மேல் போகும், பதினைந்து பேருக்குப் பிரிந்து போகும். ஒருத்தன் 24 பாயிண்ட் எடுத்து, கோடு 24.5-ல் இருந்தால்? கோபம் முழுக்க அவன் ஒருத்தன் மேல். டீமை ஜெயிக்க வைத்துவிட்டு, பந்தை எறியாமல் கடைசி வினாடிகளைக் கடத்தியதற்காகத் திட்டு வாங்குகிற விளையாட்டு உலகத்திலேயே வேறு இருக்குமா தெரியவில்லை.

இவ்வளவுக்கும் லீக்கின் தரப்பில் ஒரு பதில் உண்டு, அது லேசான பதிலும் இல்லை. 'சட்டபூர்வமாக இருந்ததால்தானே போர்ட்டர் பிடிபட்டார்? கள்ளச் சந்தையில் நடந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? கம்பெனிகள் சந்தேகப்பட்டுச் சொன்னதால்தான் வெளியே வந்தது.' நியாயம்தான். மார்ச் 20 விஷயத்தில் அப்படித்தான் நடந்தது.

ஆனால் ஜனவரி 26? அன்றைக்கும் இதே கம்பெனிகள்தான், இதே கண்காணிப்புதான். யாருக்கும் தெரியாத ஒருவரின் அண்டர் அந்த இரவின் பெரிய லாபமாக நின்றது. இருந்தும் இரண்டு மாதம் கழித்து அதே ஆள் அதே வித்தையை மறுபடி காட்ட முடிந்தது. 11 லட்சத்துக்கு ஆசைப்பட்டதால் மாட்டினார்கள். பத்து பேர் பெயரில் ஆயிரம் ஆயிரமாகக் கட்டியிருந்தால்? பேராசைக்காரனை மட்டும் பிடிக்கிற வலையை வைத்துக்கொண்டு குளத்தில் மீனே இல்லை என்று சொல்லக்கூடாது.

'தடை செய்தால் எல்லோரும் கள்ளச் சந்தைக்குப் போய்விடுவார்கள்' என்பது அடுத்த பதில். சில பேர் போவார்கள், மறுக்க முடியாது. ஆனால் பெஞ்ச் ஆளின் ரீபவுண்ட் மேல் 80,000 டாலர் வாங்கிக்கொள்கிற கள்ள புக்கி யார்? அவனும் வியாபாரிதான், அவனுக்கும் ஏமாறப் பயம் உண்டு. பெரிய தொகையை உடனே வாங்கி, உடனே தருகிற பெரிய சட்டபூர்வக் கடை இருந்ததால்தான் இந்தச் சதிக்கே ஒரு அர்த்தம் இருந்தது. திருடி விற்க இடம் இல்லாவிட்டால் யார் திருடுவார்கள்?

அதோடு, எடுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கல்லூரி ஆட்டக்காரர்கள் மேல் தனிநபர் பந்தயம் கூடாது என்று 2024-ல் ஒஹையோவும் லூசியானாவும் எடுத்துவிட்டன. கடைகள் திறந்துதான் இருந்தன. 2025 நவம்பரில் பேஸ்பாலில் கிளீவ்லாண்ட் அணியின் இரண்டு பிட்சர்கள் மேல், பந்தை வேண்டுமென்றே தப்பாக எறிந்தார்கள் என்று குற்றச்சாட்டு வந்தது (இரண்டு பேரும் மறுத்தார்கள்). அடுத்த நாளே அந்த லீக்கின் பந்தயக் கம்பெனிகள் ஒரு பந்துக்கான பந்தயத்துக்கு 200 டாலர் உச்சவரம்பு வைத்தன, பார்லேயில் அதைக் கோர்க்கக்கூடாது என்றும் சொன்னன. ஒரே நாளில் முடிகிற காரியம்!

'அவரவர் காசு, அவரவர் சுதந்திரம்' என்கிறவர்களுக்கு நீளமாகப் பதில் சொல்லத் தேவையில்லை. யார் ஜெயிப்பார்கள் என்று கட்டிக்கொள்ளட்டும், அந்தக் கதவை இங்கே யாரும் சாத்தச் சொல்லவில்லை. ஒருத்தன் கையில் முழுசாக இருக்கிற ஒரு எண்ணிக்கையின் மேல் ஊரே பணம் கட்டுகிற கடையைத்தான் மூடச் சொல்வது.

என்.பி.ஏ. என்ன செய்தது? 2024-25 சீசனிலிருந்து, டூ-வே ஒப்பந்தத்திலும் 10 நாள் ஒப்பந்தத்திலும் இருக்கிறவர்களின் அண்டரை விற்காதீர்கள் என்று கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது, அவர்களும் எடுத்துவிட்டார்கள். அதாவது, சம்பளம் குறைந்தவன்தான் விலைக்குப் போவான், பெரிய சம்பளக்காரர்கள் யோக்கியர்கள் என்பது லீக்கின் கணிப்பு.

2025 அக்டோபர் 23-ல் எஃப்.பி.ஐ. கைது செய்தவர்களில் டெர்ரி ரோஸியர் இருந்தார். வழக்கு 2023 மார்ச் 23 அன்று நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராக அவர் சார்லட் அணிக்கு ஆடிய ஆட்டம் பற்றியது. சீக்கிரம் வெளியே போகப்போவதாக அவர் ஒரு நண்பரிடம் முன்கூட்டியே சொன்னார், அந்தத் தகவல் கைமாறி அவருடைய அண்டர்களில் 2 லட்சம் டாலருக்கு மேல் பந்தயம் விழுந்தது என்பது குற்றச்சாட்டு. ரோஸியர் இதை மறுத்தார். கோர்ட் சொல்லாமல் அவரைக் குற்றவாளி என்று யாரும் சொல்லக்கூடாது. ஆனால் ஸ்கோர்கார்டு சொல்வதைச் சொல்லலாம்: 10 நிமிஷத்துக்கும் குறைவான ஆட்டம், கால் வலி, 5 பாயிண்ட், 4 ரீபவுண்ட், 2 அசிஸ்ட். அந்தப் பந்தயங்கள் சந்தேகமானவை என்று அப்போதே கம்பெனிகளிடமிருந்து எச்சரிக்கை வந்தது. லீக் விசாரித்துவிட்டு, விதிமீறல் எதுவும் கண்டுபிடிக்கவில்லை என்று கோப்பை மூடியது. கைது வந்தது இரண்டரை வருஷம் கழித்து. இதுவா அந்தப் பெருமைக்குரிய கண்காணிப்பு?

அந்த சீசனில் ரோஸியரின் சம்பளம் 2 கோடி டாலருக்கு மேல். டூ-வே விதி அன்றைக்கே இருந்திருந்தாலும் அவருடைய அண்டர் கடையில் விற்றிருக்கும்.

ஆக லீக் செய்யவேண்டியது ரொம்பச் சின்ன வேலை. 2024-ல் விட்ட அதே கோரிக்கையை எல்லா ஆட்டக்காரர்களுக்கும் சேர்த்து விடவேண்டும். அண்டரை எடுத்தால் ஓவரை மட்டும் வைத்து வியாபாரம் ஓடாது என்று கம்பெனிகள் சொல்லும். அப்படியென்றால் இரண்டையும் எடுக்கட்டும். பணம் குறையும். ஸ்போர்ட்ரேடார் பங்கின் விலைகூடக் கொஞ்சம் இறங்கலாம். இப்போதைய விதி காப்பாற்றுவது ஒரு டீமுக்கு 3 டூ-வே ஆட்களையும், எப்போதாவது வருகிற 10 நாள் ஆளையும். மீதி 15 பேரின் பெயர் அலமாரியில் அப்படியே இருக்கிறது, ஓவர் ஒரு பக்கம், அண்டர் ஒரு பக்கம்.